அடியில் வேலி இல்லை

யாழ்ப்பாணத் தீவகத்தின் பழைய வளவுகள் சிலவற்றில் இரண்டு கிணறுகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீர்க் கிணறு. குடிக்கவும் உலை வைக்கவும் அதில்தான் அள்ளுவார்கள். மற்றது சவர்க் கிணறு. அது குளிக்க, உடுப்புத் தோய்க்க. இரண்டுக்கும் இடையில் கூப்பிடு தூரம்கூட இராது. ஆனால் ஒன்றின் தண்ணீரில் பருப்பு பூவாய் அவியும். மற்றதில் எவ்வளவு விறகு வைத்தாலும் அவியாது, சவர்க்காரமும் நுரைக்காது. புதிதாகக் கிணறு வெட்டினால், ஊறி வந்த முதல் தண்ணீரை வீட்டுப் பெரியவர் உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்ப்பார். சுற்றி நிற்பவர்கள் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள், அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நாற்புறமும் கடல். மலை இல்லை, ஆறு இல்லை. இந்தத் தீவுகளில் ஒன்றான நயினாதீவின் பரப்பு ஏறத்தாழ 4 சதுர கிலோமீற்றர்தான். இப்படிப்பட்ட ஒரு துண்டு நிலத்தின் அடியில் இனிப்பான தண்ணீர் எப்படி வந்தது? வந்தது எப்படிக் கடலோடு கலந்துவிடாமல் நிற்கிறது? இந்தக் கேள்விக்கான விடை அழகானது. அதைத் தெரிந்துகொண்டால், ஓர் ஊர் தன் தண்ணீரை எப்படிப் பங்கிட வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கடலின் மேல் மிதக்கும் தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணக்கல்லின் மேல் அமர்ந்திருக்கின்றன. 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சிப்பியும் சங்கும் பவளமும் இறுகிய கல் இது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அது காலங்காலமாகக் கல்லை அரித்து வெடிப்புகளையும் பொந்துகளையும் உண்டாக்கியிருக்கிறது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரிமழையே எங்கள் ஆண்டு நீர் வருமானத்தின் பெரும்பங்கு. நெடுந்தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். அதன்மேல் ஒரேயொரு மில்லிமீற்றர் மழை விழுந்தாலும் அது 5 கோடி லீற்றர். பெரும்பகுதி ஆவியாகும், கடலுக்கு ஓடும். மிஞ்சுவது கல்லுக்குள் இறங்கும்.

இறங்கிய நீர் அங்கே சந்திப்பது கடலை. தீவின் அடியிலும் கல்லின் துளைகளில் கடல்நீரே நிறைந்திருக்கிறது. ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம் என்றால், ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். பாரம் குறைந்தது பாரம் கூடியதன் மேல் மிதக்கும். இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. 40 சென்ரிமீற்றர் உயரக் கடல்நீரும் 41 சென்ரிமீற்றர் உயர நன்னீரும் ஒரே நிறை. ஆகவே இரண்டும் சமநிலையில் நிற்கும்போது நன்னீர் 1 சென்ரிமீற்றர் மேலே எழுந்து நிற்கும், 40 சென்ரிமீற்றர் கடல் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்திருக்கும். கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட அரை மீற்றர் உயரத்தில் இருந்தால், அதன் கீழே ஏறக்குறைய 20 மீற்றருக்கு நன்னீர் இருக்கும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

இதன் வடிவம் உடைக்காத மைசூர்ப் பருப்பைப் போன்றது. நடுவில் தடித்து, ஓரம் நோக்கி மெலிந்துகொண்டே போய், கரையில் இல்லாமல் போகிறது. அறிவியலில் இதற்கு நன்னீர் வில்லை என்று பெயர். வில்லைக்கும் கடலுக்கும் இடையில் கத்தியால் வெட்டியதுபோல் கோடு கிடையாது. கலந்தும் கலக்காமலும் ஒரு சவர்ப் பட்டை இருக்கும். அது எங்கே மேலேறி வந்திருக்கிறதோ, கல்லின் எந்த வெடிப்பு கடலுக்கு வழிவிடுகிறதோ, அங்கே வெட்டிய கிணறு சவர்க் கிணறாகிவிடுகிறது. குடாநாட்டுப் பகுதியின் நான்கு பெரிய நிலத்தடி நீர்த்தேக்கங்களில் ஒன்று எங்கள் ஊர்காவற்றுறைப் பக்கத்து வில்லை.

இந்த 40க்கு 1 கணக்கு கிபென்-ஹெர்ட்ஸ்பெர்க் விதி என்று பாடநூல்களில் இருக்கிறது. கிபென் ஒல்லாந்தர். ஆம்ஸ்டர்டாம் அருகே கிணறு தோண்டும் திட்டம் பற்றி 1888-89இல் எழுதிய குறிப்பில் இதைச் சொன்னார். ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க், வட கடல் தீவுகளின் குடிநீரை ஆராய்ந்து 1901இல் தனியாக இதே முடிவுக்கு வந்தார். எங்களுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன், யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைத்தீவுக்கு லைடன், நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், நெடுந்தீவுக்கு டெல்ப்ற். கடைசிப் பெயர் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆம்ஸ்டர்டாமின் கிணற்றுக் கணக்கே இந்த ஆம்ஸ்டர்டாமின் கிணற்றுக் கணக்கும்.

இரண்டு விரல், ஓர் ஆளுயரம்

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. கண்ணாடிக் குவளையில் அரைவாசிக்கு உப்புக் கரைத்த தண்ணீர் எடுத்து, அதில் ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்து நிறமேற்றுங்கள். அதன்மேல் கரண்டியின் முதுகு வழியாக நல்ல தண்ணீரை மெல்ல, மிக மெல்ல ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் மேலே தெளிவாக நிற்கும். இப்போது ஓர் உறிஞ்சு குழாயை மேல்நீருக்குள் மட்டும் விட்டு மெதுவாக உறிஞ்சினால் வாயில் நல்ல தண்ணீர் வரும். வேகமாக இழுத்தால், மஞ்சள் நீர் குழாயின் வாயை நோக்கிக் கூம்பாக எழும்பி வரும். அடுத்த வாயில் உப்பு.

கிணற்றிலும் நடப்பது இதுதான். 40க்கு 1 என்ற கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். நீர்மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றால், அடியில் உப்பு எல்லை காலப்போக்கில் 40 சென்ரிமீற்றர் ஏறும். மேலே இரண்டு விரற்கடை இறங்கினால் கீழே கடல் ஓர் ஆளுயரம் எழும்பும். கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்கு இரண்டு விரல் இறக்கம் கண்ணிலேயே படாது.

துலாவால் கிணறு இறைத்த காலத்தில் இந்த ஆபத்துக்கு மனித உடம்பே வரம்பாக இருந்தது. துலாவின் மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பவரின் கால் ஓயும். நீர் அள்ளும் பட்டையைப் பிடித்து ஊற்றுபவரின் கை ஓயும். அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் கிணறு ஊறும். இயந்திரம் ஓயாது. குறுகிய நேரத்தில் ஒரே இடத்தில் நிறைய இழுக்கும். விவசாயியின் முதுகெலும்பைக் காப்பாற்றியது இறைப்பு இயந்திரம்தான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் உடம்பு போட்டிருந்த வரம்பை அது எடுத்தபோது, அந்த இடத்தில் வேறொரு வரம்பை நாங்களே போட வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. வில்லையின் நடுவிலிருந்து கரையை நோக்கி நன்னீர் எப்போதும் மெல்ல வழிந்துகொண்டே இருக்கிறது. அந்த வழிவுதான் கடலை வெளியே தள்ளி நிறுத்துகிறது. நடுவில் அளவுக்கு மீறி இறைத்தால் வழிவு குறையும். கடல் உள்ளே நகரும். அப்போது முதலில் உவர்ப்பது நடுவில் இறைப்பவருடைய கிணறு அல்ல. கரையோரத்தில், வில்லை மெலிந்த இடத்தில் இருப்பவருடையது. இறைத்தவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே இருக்கலாம். யாழ்ப்பாணத்தார் வேலிக்குப் பேர் போனவர்கள். கிடுகு வேலி, பனையோலை வேலி. நெடுந்தீவில் கடற்கற்களை அடுக்கிய மதில். எல்லாமே தரைக்கு மேலேதான். அடியில் வேலி இல்லை.

"இண்டைக்கு எங்கட முறை"

எங்கள் முன்னோருக்கு வில்லையின் கணக்கு தெரியாது. ஆனால் ஒரு கிணற்றைப் பலர் பகிர்வதற்கு நுட்பமான ஒழுங்கு ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். அதுதான் பங்குக் கிணறு.

தகப்பனின் காணி பிள்ளைகளுக்குப் பிரியும். காணியை வரம்பு போட்டுப் பிரிக்கலாம். கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே கிணறு பிரிபடாத பொதுச்சொத்தாக நின்று, ஒவ்வொருவர் காணி உறுதியிலும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று எழுதப்படும். அந்தப் பங்கு நாளாகவும் நேரமாகவும் மாறும்: திங்கள் ஒருவருக்கு, செவ்வாய் காலை இன்னொருவருக்கு, பின்னேரம் மற்றவருக்கு. இதற்குப் பெயர் முறை.

விடியப்புறம் தோட்டத்துக்குப் போனால் இந்த முறையைக் கண்ணால் பார்க்கலாம். வெங்காயப் பாத்தியில் ஒருவர் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாறிக்கொண்டிருப்பார். ஒரு பாத்தி நிரம்பியதும் வாயை அடைத்து அடுத்ததை வெட்டி விடுவார். வரம்பில் அடுத்த முறைக்காரர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

"அண்ணை, மிளகாய்க் கண்டு வாடிப்போச்சு. உங்கட நாளைய முறையை எனக்கு விட்டுத் தாங்கோவன்."

"எடு தம்பி. வெள்ளிக்கிழமை உன்ர முறையை எனக்குத் தா."

எழுத்து இல்லை, கையொப்பம் இல்லை. முறைக்குக் காவற்காரனும் வேண்டாம். வரம்பில் வந்து நிற்கும் அடுத்தவரே காவல். கூட எடுத்தால் அவர் கண்ணில் படும். குறைய எடுத்தால் எடுத்தவர் பயிர் சொல்லும்.

இந்த வழமைகளின் சட்ட முகம் தேசவழமை. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அதைத் தொகுத்து முடித்தார். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு தந்தார்கள். பங்குள்ள ஆதனத்தை விற்க நினைப்பவர் முதலில் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும் என்ற முன்வாங்கும் உரிமை அதில் உண்டு. பங்கை யார் கையில் கொடுக்கிறோம் என்பது கூட இருப்பவர்களையும் பாதிக்கும் என்ற அறிவு அதற்குள் இருக்கிறது.

தள்ளி நின்றவர்கள்

இதோடு நிறுத்திவிட்டால் நான் பாதி உண்மைதான் சொல்லியிருப்பேன். பங்குக் கிணற்றின் நீதி பங்காளிகளுக்குள் மட்டுமே இருந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

ஒடுக்கப்பட்ட சாதியினர் எனப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தக் காணி இல்லை. ஆகவே கிணற்றுப் பங்கும் இல்லை. மற்றவர்களின் கிணற்றில் வாளி போட அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது. பெண்கள் குடத்தைக் கிணற்றடிக்கு எட்ட வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். யாராவது மனம் வைத்து வந்து அள்ளி ஊற்றும் வரை வெயிலில் நிற்க வேண்டும். அந்தத் தோட்டத்துக்கு இறைத்த கைகளில் அவர்களுடைய கைகளும் இருந்தன. துலா மிதிக்கலாம், பட்டை பிடிக்கலாம். தன் குடத்துக்குத் தானே அள்ளக் கூடாது. யாழ்ப்பாணச் சமூகத்தின் இந்தக் கொடுமையை நாவல்களில் இடைவிடாமல் பதிந்தவர் கே. டானியல். அவருடைய நாவல் ஒன்றின் பெயரே "தண்ணீர்".

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சாதியைக் காட்டிப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. ஆனால் சட்டம் வந்த பிறகும் தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் மக்கள் போராடித்தான் நுழைய வேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலமும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் அந்த வரலாற்றின் பக்கங்கள்.

இப்போது வில்லையை மறுபடி நினைத்துப் பாருங்கள். வாளி போட உரிமை இருந்தவரும் தள்ளி நின்றவரும் மிதித்து நின்றது ஒரே தண்ணீரின் மேல். இந்தக் கிணற்றடியில் நாளை ஊறும் நீர், நேற்று அந்தக் குடிசையின் கூரையில் விழுந்த மழையாகவும் இருக்கலாம். தீட்டு என்று மேலே வகுத்த எல்லையை நிலத்தடி நீர் ஒரு கணமும் மதித்ததில்லை. வில்லை நடுவில் தடித்து ஓரத்தில் மெலிவது இயற்கையின் வேலை. நல்ல தண்ணீர் ஊறும் காணி யாருக்கு, ஊறாத மண் யாருக்கு என்று எழுதியது இயற்கை அல்ல.

கலிபோர்னியாவில் ஒரு மாணவி

இதே சிக்கலை உலகத்தின் மறுமுனையில் ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தார். எலினோர் ஒஸ்ரோம், லொஸ் ஏஞ்சலிசில் பிறந்தவர். 1965இல் அவர் முடித்த முனைவர் ஆய்வு அந்த நகரத்துப் பக்கமுள்ள ஒரு நிலத்தடி நீர்ப்படுகை பற்றியது. அங்கேயும் எல்லோரும் போட்டி போட்டு இறைத்தார்கள். பசிபிக் கடல் உள்ளே வந்தது. கரையோரக் கிணறுகள் முதலில் உவர்த்தன. உள்நாட்டில் இருந்தவர்களுக்கு அவசரம் தெரியவில்லை. 1945இல் தொடங்கிய வழக்கு 1961இல்தான் முடிந்தது. ஆனால் தீர்வு வெறும் நீதிமன்றக் கட்டளையாக வரவில்லை. இறைப்பவர்கள் தாங்களே கூடிப் பேசினார்கள், படுகையை அளக்கச் செய்தார்கள், தங்கள் பங்கைத் தாங்களே குறைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். யார் எவ்வளவு இறைத்தார் என்பதை நடுநிலையான ஒருவர் ஆண்டுதோறும் எல்லோரும் பார்க்க வெளியிட்டார். அயலவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது தெரிந்ததும் சந்தேகம் குறைந்தது. சந்தேகம் குறைந்ததும் சொல் காப்பாற்றப்பட்டது.

பொதுச் சொத்து எப்போதும் பேராசையால் அழியும் என்று கரெற் ஹார்டின் 1968இல் எழுதியதை உலகம் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தது. ஒஸ்ரோம் ஸ்பெயினின் வாய்க்கால்கள், சுவிற்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள், யப்பானின் கிராமக் காடுகள் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, நூற்றாண்டுக் கணக்கில் அழியாமல் நிற்கும் பொதுச் சொத்துகளும் உண்டு என்று 1990இல் ஒரு நூலில் நிறுவினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதற் பெண் அவர். நிலைத்து நின்ற ஒழுங்குகளில் அவர் கண்ட பொது இயல்புகளில் மூன்று எங்கள் கதைக்கு வேண்டும். எடுப்பதும் உழைப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எடுப்பதை மற்றவர் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு விதியை ஆக்குவதிலும் மாற்றுவதிலும் இடம் வேண்டும்.

எங்கள் பங்குக் கிணற்றில், பங்காளிகளுக்குள், முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதில் நாங்கள் தவறினோம்.

ஓரத்துக் கிணறு

இன்றைய தீவகத்தில் பங்காளிகள் பலரும் கிணற்றடியில் இல்லை. 1990களின் போரும் இடப்பெயர்வும் ஊரை வெறுமையாக்கின. ஒரு கிணற்றின் நான்கு பங்குகளில் ஒன்று ரொறன்ரோவிலும் ஒன்று பாரிசிலும் ஒன்று சூரிச்சிலும் இருக்கலாம்; ஊரில் மிஞ்சியவர் ஒருவராய்த் தூர்ந்த கிணற்றைக் கலக்கி இறைக்க முடியாமல் நிற்பார். கோடையில் பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் வரும். வீதியில் வெற்று வாளிகள் வரிசையில் நிற்கும், பெரும்பாலும் பெண்களின் வாளிகள். யாழ்ப்பாண மாவட்டத்தின் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட நிலையம் கடல்நீரை நன்னீராக்குகிறது. தீவுகளிலும் சிறிய சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. இவை தேவை. ஆனால் மின்சாரமும் பணமும் இருக்கும் வரையே அவை ஓடும். மழை நிரப்பும் வில்லைக்கு மின்கட்டணம் இல்லை.

நயினாதீவு நாகபூசணி அம்மனின் திருவிழா வருவது ஆனியில், கடைசி மாரி கடந்து பல மாதங்களான பிறகு, வில்லை மெலிந்திருக்கும் நேரத்தில். வந்த எல்லோருக்கும் அன்னதானம் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நயினாதீவே என்று பலர் கருதுகிறார்கள். யார் எவர் என்று பாராமல் ஊட்டும் அந்தப் பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாது. இந்தத் தீவின் தண்ணீர் அப்படி அல்ல, எடுத்தால் குறையும். எல்லோருக்கும் கொடுக்கும் மனம் அமுதசுரபிக்குப் போதும். வில்லைக்கு அந்த மனத்தோடு கணக்கும் வேண்டும்.

அந்தக் கணக்கை வைப்பது கடினமும் அல்ல. உப்புக் கூடக் கூடத் தண்ணீர் மின்சாரத்தைக் கூடக் கடத்தும். அதை அளக்கும் கருவி ஒரு பேனா அளவுதான். நுனியை நீரில் தோய்த்தால் எண் காட்டும். ஊரின் கிணறுகளை வாரம் ஒருமுறை இப்படி அளந்து, நீர்மட்டத்துக்கு ஒரு கயிறு விட்டுப் பார்த்து, சனசமூக நிலையத்தின் கரும்பலகையில் எழுதிவைக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளே செய்வார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பங்கிடுவதற்கு முதல் தேவை, அதை எல்லோர் கண்ணுக்கும் தெரியச் செய்வது. கரும்பலகையின் முன்னால் நின்று, இந்தக் கோடையில் யார் எத்தனை மணி நேரம் இறைப்பது என்று பேசும்போது, காணி உள்ளவர் மட்டும் பேசக் கூடாது. குத்தகைக்குச் செய்பவர், குடம் தூக்குபவர், உறுதியில் பெயரே இல்லாதவர் எல்லோரும் பேச வேண்டும்.

இரக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கடல் உள்ளே வருவதை முதலில் அறிவது நடுவில் பெரிய கிணறு வைத்திருப்பவர் அல்ல. கரையோரக் குடிசையில் பின்னேரம் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் பெண்தான். நேற்றைய தேநீருக்கும் இன்றைய தேநீருக்கும் உள்ள சிறு வேறுபாட்டை அவருடைய நாக்கு கண்டுபிடிக்கும். "தண்ணி கொஞ்சம் கரிக்குது" என்று அவர் சொல்லும்போது ஊர் கேட்டால், நடுக் கிணற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அவரைத் தள்ளி நிற்கச் சொன்ன ஊருக்கு, தன் கிணறு கரிக்கும் வரை ஒன்றுமே தெரியாது.